தண்டவாளம் வளைகிறது என்று ஒரு புகார்

என் அண்ணிக்கு வீட்டில் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவன் அவள் கணவன், அதாவது என் அண்ணன். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக ஒரு சட்டை வாங்கி வந்து போட்டுக் காட்டியிருக்கிறான். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நாலாவது பட்டனை மட்டும் வேற நூல்ல தெச்சிருக்காங்க" என்றாளாம். அந்தச் சட்டையைப் பற்றி இன்றுவரை அவள் வேறொன்றும் சொல்லவில்லை. அவனும் அதை மறக்கவில்லை.

எனக்கு அவன் வைத்த பெயர் புகார்ப்பெட்டி. துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு வரும் குறைகளைத் தொலைபேசியில் கேட்பது என் பிழைப்பு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், "மெஷின் ஓடவே மாட்டேங்குது" என்று ஒருவர் கத்துவார். "பிளக் சொருகியிருக்கா சார்?" என்று கேட்பேன். போய்ப் பார்ப்பார். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிடுவார். இந்த வேலைக்கு வந்தால் பொறுமை வளரும் என்றார்கள். எனக்கு இருந்ததும் போய்விட்டது.

அண்ணன் வீடும் என் வீடும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகள். என் வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்து போகும் என்பதால் அண்ணி வேலை செய்கிற அறையிலேயே எனக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊராரின் அழுக்குத் துணிக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பின்னால் அவள் திரையைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருப்பாள்.

அவள் வரைந்த படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பூவின் குறுக்குவெட்டு, இதயத்தின் நான்கு அறைகள், எரிமலையின் வயிறு எல்லாம் பாடப்புத்தகங்களில் அவள் கை போட்டவைதான். அதில் எதிலும் வரைந்தவர் பெயர் இருக்காது. பிள்ளைகள் அந்த இதயத்துக்கு மீசை வரைவார்கள், அவ்வளவுதான் கிடைத்த மரியாதை. இந்த ஐம்பது வயதில்தான் முதல்முறையாக ஒரு பதிப்பகம் அவளை நம்பி ஒரு முழுப் படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்தது. ஒரு ரயில் நிலையத்தில் காலையிலிருந்து மாலைவரை நடப்பது. எழுத்தே கிடையாது, எல்லாம் படம். அட்டையில் ஒரே பெயர், அவளுடையது. அட்டையைத்தான் முதலில் வரைந்தாள். பெயர் வரும் இடத்தைப் பல நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நான் கேலி செய்தால் வெட்கப்படுவாள், ஆனால் நிறுத்த மாட்டாள்.

கணினியில் படம் வரைவதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றைத்தான் அவள் பயன்படுத்தினாள். ஒரு முதலாளி செய்து விற்கிற சரக்கு அல்ல அது. ஆர்வம் உள்ளவர்கள் எங்கெங்கோ இருந்து சேர்ந்து செய்வது. அண்ணிக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். ஓசியில் வந்தது அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

ஒரு முற்பகல், நான் ஒருவருக்குச் சலவைத்தூளை எந்த அறையில் போடுவது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"ஏய், இங்க வா. சீக்கிரம் வா, போயிடும்."

போய்ப் பார்த்தேன். நடைமேடையில் ஒரு கிழவர் குடையோடு நிற்கிற படம். அவள் பெரிய தூரிகையால் வானத்தை நீலமாக்கிக்கொண்டிருந்தாள். தூரிகை போன வழியெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள் கறுப்பாக மினுங்கி மறைந்தன. தரையில் ஓடு பதிக்கிறவர் இடையிடையே விட்டுவிட்டுப் போனது போல் இருந்தது.

"அட, ஆமா. என்னது அது?"

"தெரியலையே! பாரு, படத்தைச் சாய்ச்சா அதிகமாகுது. நேரா வெச்சா குறையுது. ஏன் அப்படி?" அவள் குரலில் எரிச்சலே இல்லை. புது பொம்மை கிடைத்த குழந்தையின் குரல். "அது மட்டும் இல்ல. தண்டவாளம் நடுவுல ஒரு இடத்துல உள்பக்கமா இழுத்துக்குது. நேத்து இதுலயே இருக்கிற ஸ்கேல் வெச்சுப் போட்ட கோடு."

தண்டவாளம் வளைந்ததா என்று அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. சதுரங்களைத்தான் என் கண்ணாலேயே பார்த்தேனே, ஒன்று உண்மை என்றால் மற்றதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டேன். அதற்குள் என் காதில் அந்த ஆள், "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

வளைந்த கோட்டைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே இழுத்துக்கொண்ட தண்டவாளத்தை வெளியே தள்ளித் தள்ளி நேராக்கினாள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலின் கம்பிகளையும் நேராக்கினாள். படங்களைப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினாள். அந்த அம்மாள் நல்ல மனுஷி, ஆனால் மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பவர். மறுநாளே அழைத்தார். அண்ணி அழைப்பை ஸ்பீக்கரில் போட்டாள்.

"படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா தண்டவாளத்துக்கு ஏன் தொப்பை வெச்சிருக்கீங்க?"

"தொப்பையா?"

"நடுவுல வெளிய பிதுங்குது. ஜன்னல் கம்பியும் அப்படித்தான். ரயில் இந்தப் பக்கம் வந்தா கவுந்துடும்."

அண்ணி படத்தைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. "இல்லையே, நேராத்தானே இருக்கு?" என்றாள். பிறகு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார், "உங்க சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சினை போல. எப்படியாவது சரி பண்ணுங்க. முடியலைன்னா சொல்லுங்க, கோடு வர்ற பக்கங்களை மட்டும் வேற ஒருத்தர்கிட்ட குடுத்துக்கலாம். அட்டையில ரெண்டு பேர் போட்டுக்கலாம்."

ரயில் நிலையத்தில் கோடு வராத பக்கம் எது? அண்ணி அழைப்பை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இருபது வருடம் பெயர் இல்லாமல் வரைந்தவள். கிடைத்த ஒரு அட்டையையும் பங்கு போடச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். கோளாறு எங்கே இருக்கிறது? கண்டுபிடித்தால் புத்தகம் அவளுடையது, இல்லாவிட்டால் கைநழுவிவிடும்.

முதலில் வந்தவன் அண்ணன். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எந்த இயந்திரத்தையும் ஒரு தட்டு தட்டினால் பயந்து வழிக்கு வரும் என்பது அவன் கட்சி. திரையின் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினான். அணைத்துப் போட்டான். வயரைப் பிடுங்கி ஊதி மறுபடி சொருகினான். சதுரங்கள் அவன் இருக்கும்வரை வரவே இல்லை. அவன் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டியதும் வரிசையாக வந்து நின்றன.

"பார்த்தீங்களா, உங்களைப் பார்த்து ஒளிஞ்சுக்கிச்சு" என்று அண்ணி சிரித்தாள். "ஏன் ஒளிஞ்சுக்கிச்சு? நீங்க இருந்தப்போ நான் என்ன வித்தியாசமா செஞ்சேன்?"

அவளுடைய விசித்திரமே இதுதான். நானாக இருந்தால் கணினியைத் தூக்கி எறிந்திருப்பேன். அவளோ தூரிகையைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். நிறம் மாற்றிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் வேறொரு திரையைக் கடன் வாங்கி மாட்டினாள். அதிலும் சதுரம் வந்தது, அதிலும் தண்டவாளம் வளைவதாகச் சொன்னாள். "அப்போ தப்பு திரையில இல்ல!" என்று கைதட்டினாள். பதிப்பகத்தை அவள் மறந்தேவிட்டாள் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

திரையைப் படம்பிடித்து மன்றத்துக்கு அனுப்பலாம் என்றேன். மன்றம் என்றால் அந்த மென்பொருளைச் செய்கிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் இணையத்தில் பேசிக்கொள்கிற இடம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். படத்தில் ஒரு சதுரம்கூட இல்லை, துடைத்து வைத்தது போல் சுத்தம். எத்தனை முறை எடுத்தாலும் அப்படித்தான்.

"காய்ச்சல்னு கூட்டிட்டுப் போனா டாக்டர் ரூம்ல விளையாடுற பிள்ளை மாதிரி" என்றேன்.

புகாரை எழுத என்னைப் பிடித்துக்கொண்டாள். மன்றத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எனக்கு அது கொஞ்சம் சரளம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சதுரம், சாய்த்தால் அதிகமாவது, அண்ணன் வந்தால் மறைவது, தண்டவாளம் வளைவது, தொப்பை, அட்டை, எல்லாம் ஒரே மூச்சில். திரும்பப் படித்துப் பார்க்காமல் அனுப்பினோம்.

பதில் போட்டவரின் அடையாளப் படம் ஒரு ஆட்டின் முகம். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. நாங்கள் ஆட்டுக்காரர் என்றே பேச ஆரம்பித்தோம். அவர் எழுதியது இதுதான்: "இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கணவர் பற்றிய பகுதி மிகவும் பிடித்தது. ஆனால் நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ஒரு புகாரில் ஒரு கோளாறு மட்டும் இருக்கட்டும். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. "குழாயும் ஒழுகுது, சத்தமும் வருது" என்று யாராவது சேர்த்துச் சொன்னால், "முதல்ல ஒண்ணைச் சொல்லுங்க" என்று அதட்டுகிறவளே நான்தான். சொந்த வீட்டு ஆள் என்றதும் அந்தப் புத்தி எங்கோ போய்விட்டது.

முதல் கோளாறுக்கு அவரே வழி சொல்லியிருந்தார். திரையில் படத்தை வேகமாகக் காட்டுவதற்காக மென்பொருள் கிராபிக்ஸ் கார்டின் உதவியை எடுத்துக்கொள்ளும்; அமைப்புகளில் போய் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்றார். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நேரத்தில் மென்பொருள் படத்தை முழுவதும் புதிதாகப் போட்டுவிடுவதால்தான் சதுரம் அதில் விழுவதில்லை, கைப்பேசியின் கேமராவால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றும் சொன்னார்.

முதலில் கைப்பேசியில் எடுத்தோம். சதுரங்கள் கையும் களவுமாக அகப்பட்டன. பிறகு அவர் சொன்னதை அணைத்தோம். தூரிகை கொஞ்சம் மந்தமானது, ஆனால் ஒரு சதுரம்கூட வரவில்லை. அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஓசி மென்பொருளுக்கு வந்த கெட்ட பெயர் தீர்ந்தது போல் அவளுக்கு ஒரு பெருமை. பிறகு திரும்பித் திரையைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பெரிதாக்கினாள்.

"இது மட்டும் அப்படியே இருக்கே."

"கைப்பேசில எடுத்த படத்துல இருக்கா பாருங்க."

பார்த்தாள். "இதோ இருக்கே. நடுவுல, தெரியுதா?"

நான் வாங்கிப் பார்த்தேன். தொப்பை போட்ட பழைய தண்டவாளம் அல்ல இது. அவள் ஸ்கேல் வைத்துப் புதிதாகப் போட்டது. சதுரம் சதுரமாக வானம். கீழே இரண்டு தண்டவாளம், நூல் பிடித்தது போல் நேர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன்.

"எங்க, அண்ணி?"

"விளையாடாத."

"நான் விளையாடல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த அறையில் அதுவரை இருந்த குதூகலம் அடங்கிப்போயிற்று. எனக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு ஏதோ புரிய ஆரம்பித்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஆனால் அவள் கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த புகாரை எழுதலாம் என்றாள்.

இரண்டாவது புகாரைத் தனியாக எழுத உட்கார்ந்தோம். ஆட்டுக்காரரின் நிபந்தனை கறாரானது. "முன்பின் தெரியாத ஒருவர் நீங்கள் எழுதியதை மட்டும் படித்து, அதே போல் செய்தால், அவருக்கும் அந்தக் கோளாறு தெரிய வேண்டும். ஒரு படியையும் விடாதீர்கள். சாதாரணமானது என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள்."

இது என் தொழில். "நீங்க எதுவும் சொல்லாதீங்க அண்ணி" என்றேன். "சொன்னா ஆளாளுக்குப் பாதியை முழுங்கிடுவாங்க. நீங்க பாட்டுக்கு எப்பவும் செய்யறதைச் செய்யுங்க. நான் பார்த்து எழுதுறேன்."

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தேன். கோப்பைத் திறந்தாள், எழுதினேன். பெரிதாக்கினாள், எழுதினேன். படத்தைக் கொஞ்சம் சாய்த்தாள், எழுதினேன். திரையில் வரைகிற பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள். தச்சர் பலகையின் விளிம்பைப் பார்ப்பது போல் முகத்தை லேசாகத் திருப்பி, இடது கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதோ வளையுது" என்றாள்.

"இருங்க. இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. பார்த்தேன்."

"கண்ணை மூடினீங்க."

"அதுவா? கோடு நேரா இருக்கான்னு பார்க்கிறதுன்னா அப்படித்தான் பார்ப்பேன். படிக்கிற காலத்துலேர்ந்து அப்படித்தான். அதெல்லாம் எழுதுவியா?"

"அந்தக் கண்ணைத் திறங்க."

திறந்தாள். மறுபடி இடது கண்ணை மூடினாள். திறந்தாள். பிறகு வலது கண்ணை மூடினாள்.

"நேரா இருக்கு" என்றாள். "இந்தக் கண்ல நேரா இருக்கு."

நாற்காலியிலிருந்து எழுந்து கதவு நிலையைப் பார்த்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். வரவேற்பறைக்குப் போய் குளிர்பெட்டியின் விளிம்பைப் பார்த்தாள், தரை ஓடுகளின் கோட்டைப் பார்த்தாள். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று கண்ணை மாற்றி மாற்றி மூடினாள். "எங்க பார்த்தாலும் பார்க்கிற இடத்துலதான் வளையுது. நான் பார்வையை நகர்த்தினா அதுவும் கூடவே வருது" என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்போதும் அவள் குரலில் அந்த ஆர்வம் இருந்தது. கை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டே போனது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் போனால் இவளிடம் என்ன மிஞ்சும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

"அழாத. முதல்ல வண்டியைக் கூப்பிடு" என்றாள்.

கண் மருத்துவர் அண்ணன் வயதுக்காரர். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துக் களைத்திருந்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அண்ணி ஆட்டுக்காரருக்குச் சொல்வது போலவே சொன்னாள். வலது கண் மட்டும். பார்க்கிற இடத்தின் நடுவில். கோடு நடுவை நோக்கி உள்ளே இழுக்கும். எப்போதும் வரும், சில நேரம் வருவது அல்ல. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் தெரியாது. சதுரம் வந்தது வேறு கோளாறு, அது கண்ணில் இல்லை, அதற்கு மருந்து கிடைத்துவிட்டது.

மருத்துவருக்குக் கடைசி வாக்கியம் மட்டும் விளங்கவில்லை. நான் விளக்கினேன். தொப்பை போட்ட தண்டவாளத்தையும் கைப்பேசியில் காட்டினேன். அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். களைப்பு போன இடம் தெரியவில்லை.

"உள்ள இழுக்கிறதை நீங்க வெளிய தள்ளியிருக்கீங்க. எவ்வளவு இழுக்குதுன்னு இதுலயே தெரியுதேம்மா!" என்றார்.

கருவிகளை வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கண்ணுக்குள் தெளிவான கூழ் ஒன்று நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது பின்னால் இருக்கிற விழித்திரையை விட்டுப் பிரியும். பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவில்லாமல் பிரிந்துவிடும். இவளுக்கு நடுவில் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு இழுத்து, அந்த இடத்தில் சின்னதாக ஓட்டை விழ ஆரம்பித்திருக்கிறது.

"நல்ல கண்ணு ஒண்ணு இருக்கிறதால பல பேருக்கு இது தெரியவே தெரியாது. ஓட்டை பெரிசானப்புறம் வருவாங்க. அப்ப எங்களால பெரிசா ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. ஆபரேஷன் பண்ணிடலாம்."

"பண்ணினா கோடு நேராகுமா டாக்டர்?"

"பெரும்பாலும் ஆகும். கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

பதிப்பாசிரியரிடம் நான்தான் பேசினேன். தொப்பை என்று கேலி செய்ததற்காக அந்த அம்மாள் தொலைபேசியிலேயே தேம்பினார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "அச்சகத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அட்டையில ஒரு பேர்தான்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அவரை அதுவரை எனக்குப் பிடிக்காது. அன்றிலிருந்து பிடிக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டு அனுப்பினார்கள். அந்தக் குமிழ் மேலே மிதந்து ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்காக அண்ணி சில நாள் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டும். "கல்யாணத்தப்போ கூட இவ்வளவு குனிஞ்சதில்ல" என்று அண்ணன் சொன்னான். சொல்லிவிட்டுப் போய், எங்கிருந்தோ இரும்புக் குழாயும் பழைய நாற்காலியின் பஞ்சும் கொண்டு வந்து, முகத்தை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி செய்தான். அதில் அவள் கவிழ்ந்து கிடப்பாள், தரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவன் நேராகப் போய் அந்தத் தாங்கிக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வான். அவள் பேசுவதற்கு ஒரு முகம் வேண்டுமே. காபியை எடுத்துக்கொண்டு போனவள், இவர்கள் இரண்டு பேரும் மேலும் கீழுமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கதவை லேசாகச் சாத்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

நிமிர அனுமதி கிடைத்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். "கண்ணுக்குள்ள தண்ணி லெவல் மாதிரி ஒரு கோடு தெரியுது. தலையை ஆட்டினா அதுவும் ஆடுது. நேத்து மூக்குக்கு மேல இருந்தது, இன்னிக்குக் கீழ எறங்கியிருக்கு. குமிழ் சின்னதாகுது! எழுதிக்கோ." யாருக்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குமிழ் சிறு மணியாகி, உருண்டு, ஒருநாள் காணாமல் போனபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

கண் தேறியது. முழுக்க அல்ல. வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் கதவு நிலையில் இன்னும் ஒரு சின்ன அசைவு இருக்கிறது என்கிறாள். கோடு நேரா என்று பார்க்க இப்போது வலது கண்ணை மூடிக்கொள்கிறாள். இத்தனை வருடப் பழக்கத்தை மாற்ற ரொம்பப் பாடுபட்டாள், பாதி நேரம் இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டு தானே சிரிப்பாள். தண்டவாளங்களின் தொப்பை கரைந்தது. ரயில் கவிழாமல் அச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டையில் அவள் பெயர், அவள் முதலில் வைத்த அதே இடத்தில்.

இரண்டாவது புகாரை நாங்கள் அனுப்பவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டுக்காரர் இரண்டு முறை கேட்டிருந்தார். அண்ணி சொன்னாள், நான் தட்டினேன். "கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் மென்பொருளில் இல்லை. என் வலது கண்ணில். விட்டுப்போன படி: இடது கண்ணை மூடுவது. கண் சரிசெய்யப்பட்டுவிட்டது. தண்டவாளப் புகாரை மூடிவிடலாம்." அதன் கீழே நான் என் பங்குக்கு, ஒரு புகாரை இரண்டாகப் பிரிக்கச் சொன்னதற்கு எங்கள் குடும்பமே நன்றி சொல்கிறது என்று சேர்த்தேன். ஆட்டுக்காரர் பதிலுக்கு ஒரே ஒரு வரி எழுதினார். "படித்ததும் எழுந்து போய் என் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்."

மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்தபோது சதுரங்களுக்குக் காரணமான பிழையைத் திருத்தியிருந்தார்கள். அணைத்து வைத்ததை மறுபடி போட்டோம், தூரிகை பறந்தது. அதை விட்டுவிட்டு அண்ணி வேறொரு பக்கத்தை என்னிடம் காட்டினாள். திரையில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் புகார் எழுதுவது எப்படி என்று சொல்லும் பக்கம். வழக்கமான குறிப்புகளுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் முதலாக, புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். "நேர்கோடு வளைந்து தெரிகிறதா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கதவும் வளைந்தால் எங்களுக்கு எழுத வேண்டாம். கண் மருத்துவரிடம் போங்கள்."

அதற்குக் கீழே முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அன்று காலை எழுதியிருந்தார். "விளையாட்டாகத்தான் செய்து பார்த்தேன். என் சமையலறைக் கதவு வளைகிறது. நாளை போய்க் காட்டுகிறேன்."

அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இரண்டு கண்ணிலும் நீர் முட்டி நின்றது. துடைத்துக்கொள்ளாமலே என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தட்டு, தட்டு. எந்தக் கண்ணுன்னு கேளு. எப்பலேர்ந்துன்னு கேளு" என்றாள். "நாளைக்கு வேணாம், இன்னிக்கே போகச் சொல்லு."